கதீஃபும் அல்அஹ்ஸாவும்: சவுதி ஷியாக்களின் நூறாண்டு அரசியல்

2016 ஜனவரி 2 அன்று சவுதி அரேபியா ஒரே நாளில் 47 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றியது. அவர்களில் பெரும்பாலோர் அல்காயிதா தாக்குதல் வழக்குகளில் தண்டிக்கப்பட்ட சுன்னிகள். ஆனாலும் உலகச் செய்திகளில் நின்ற பெயர் ஷேக் நிம்ர் அல்நிம்ர் என்ற ஷியா மதகுருவின் பெயர்தான். உடனே தெஹ்ரானில் சவுதி தூதரகம் சூறையாடப்பட்டது. மறுநாள் ரியாத் ஈரானுடனான உறவைத் துண்டித்தது. 2023 மார்ச் 10 அன்று பெய்ஜிங்கில் இரு நாடுகளும் உறவைப் புதுப்பிக்க ஒப்புக்கொண்டன. இந்த இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு, சவுதி ஷியாக்களின் சிக்கல் ஈரானால் வந்தது, ஈரானோடு சமாதானம் ஆனால் போய்விடும் என்று தோன்றுவது இயல்பு.

வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஈரானில் அயத்துல்லா கொமேனி ஆட்சிக்கு வருவதற்கு 66 ஆண்டுகளுக்கு முன்பே, 1913-இல், இந்த மக்களுக்கும் சவுதி அரச குடும்பத்துக்கும் இடையே ஒரு வாய்மொழி உடன்பாடு ஏற்பட்டது. உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு, வழிபாட்டுக்கு வரையறுக்கப்பட்ட இடம், பதிலுக்கு முழுப் பணிவு என்பதே அதன் சாரம். அந்த உடன்பாடு இன்றுவரை சட்ட உரிமையாக மாறவில்லை. ஆட்சியாளர் விரும்பும்போது தளர்வதும், தேவைப்படும்போது இறுகுவதும் அதனால்தான். இடையில் நடந்தவற்றையெல்லாம் புரிந்துகொள்ள இந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

யார் இவர்கள், எங்கே வாழ்கிறார்கள்

நபிகள் நாயகத்தின் மறைவுக்குப் பின் முஸ்லிம் சமுதாயத்தின் தலைமை அவருடைய மருமகன் அலீக்கும், அலீயின் வழித்தோன்றல்களுக்கும் உரியது என்று நம்புகிறவர்கள் ஷியாக்கள். கி.பி. 680-இல் கர்பலாவில் நபியின் பேரர் ஹுஸைன் கொல்லப்பட்டது அவர்களுடைய சமய நினைவின் மையம். முஹர்ரம் மாதத்தின் பத்தாம் நாளான ஆஷூரா அந்தத் துயரத்தை நினைவுகூரும் நாள். அதற்காகக் கூடும் மண்டபம் ஹுஸைனிய்யா எனப்படுகிறது. பன்னிரண்டு இமாம்களை ஏற்பவர்களே ஷியாக்களில் பெரும்பான்மையினர்; அவர்களுடைய சட்டநெறி ஜஅஃபரி நெறி.

சவுதி குடிமக்களில் ஷியாக்கள் 10 முதல் 15 விழுக்காடு இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அவர்கள் மூன்று இடங்களில் வாழ்கிறார்கள். தென்மேற்கில் யேமன் எல்லையை ஒட்டிய நஜ்ரானில் இருப்பவர்கள் ஷியாக்களில் மற்றொரு கிளையான இஸ்மாயிலிப் பிரிவினர். மதீனாவில் நகாவிலா எனப்படும் சிறு சமூகம் உண்டு. தலைமுறைகளாகப் பேரீச்சந் தோட்டங்களில் உழைத்தவர்கள் அவர்கள். எஞ்சிய பெரும்பாலோர் கிழக்கு மாகாணத்தின் இரண்டு பாலைச்சோலைகளில் இருக்கிறார்கள்: கடலோரத்தில் கதீஃப், உட்புறத்தில் ஹுஃபூஃப் நகரை மையமாகக் கொண்ட அல்அஹ்ஸா. கதீஃபில் அவர்களே பெரும்பான்மை. அல்அஹ்ஸாவில் சுன்னிகளும் ஷியாக்களும் கலந்து வாழ்கிறார்கள்.

தம்மாமிலும் ஜுபைலிலும் வேலை செய்யும் தமிழர்களுக்கு இந்த இடம் தொலைவானதன்று. தம்மாமிலிருந்து ஜுபைலுக்குப் போகும் வழியிலேயே கதீஃப் இருக்கிறது. 2011-க்குப் பின் அதைச் சுற்றி ஏன் சோதனைச் சாவடிகள் முளைத்தன என்பதற்கான விடை அவர்களுக்கும் பயன்படும்.

ஈரானுக்கும் முந்தைய ஷியா நிலம்

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். ஈரான் பெருமளவில் ஷியா நாடாக மாறியது 1501-க்குப் பின் சஃபவிப் பேரரசின் காலத்தில்தான். கிழக்கு அரேபியாவில் ஷியா சார்பு அதைவிடப் பல நூற்றாண்டுகள் பழையது. அங்கு வாழ்ந்த அப்துல் கைஸ் குலத்தார் அலீயின் காலத்திலேயே அவர் பக்கம் நின்றவர்கள். பத்தாம் நூற்றாண்டில் இந்தப் பகுதியை ஆண்ட கர்மாத்தியர்கள் 930-இல் மக்காவைத் தாக்கிக் கஅபாவின் கருங்கல்லைப் பெயர்த்து எடுத்துச் சென்று, 951-இல்தான் திருப்பி அனுப்பினார்கள். இஸ்மாயிலிக் கிளையிலிருந்து பிரிந்த அவர்களுக்கும் இன்றைய கதீஃப் மக்களின் நம்பிக்கைக்கும் நேரடித் தொடர்ச்சி இல்லை. ஆயினும் அந்த நிகழ்வு இந்தப் பகுதியின் மீது நெடுங்காலம் நிழலாகப் படிந்திருந்தது.

சஃபவி மன்னர்கள் தங்கள் மக்களுக்கு ஷியா மார்க்கத்தைக் கற்பிக்க அறிஞர்களைத் தேடியது லெபனான் மலைகளிலும், அக்காலத்தில் கதீஃபையும் உள்ளடக்கிப் பஹ்ரைன் எனப்பட்ட கடற்கரையிலும்தான். பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்ராஹீம் அல்கதீஃபி என்ற அறிஞர், ஈரான் ஷா அளித்த அன்பளிப்பை ஏற்க மறுத்ததோடு, ஷாவின் பணத்தை ஏற்றுக்கொண்ட சக அறிஞர் அல்கரகியுடன் வெளிப்படையாக மோதினார். கதீஃபின் சமயக் கல்வி ஈரான் அரசுக்கு அடங்கி நடந்த ஒன்றில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. பிற்காலத்தில் இந்த ஊருக்குச் 'சின்ன நஜஃப்' என்ற பெயர் வந்ததும் இராக்கின் நஜஃப் நகரோடு இருந்த கல்வித் தொடர்பால்தான்.

ஆட்சி மட்டும் பெரும்பாலும் சுன்னிகளின் கையில் இருந்தது. பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் உஸ்மானியர் வந்தார்கள். அடுத்த நூற்றாண்டில் பனூ காலித் குலத்தார் அவர்களை வெளியேற்றினார்கள். வரி கட்டினால் போதும், நம்பிக்கையில் தலையிடுவதில்லை என்பதே பெரும்பாலும் இந்த ஆட்சியாளர்களின் வழக்கம். 1744-இல் முஹம்மத் இப்னு சவூதும் முஹம்மத் இப்னு அப்துல் வஹ்ஹாபும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பிறந்த முதல் சவுதி அரசு இந்த வழக்கத்தை உடைத்தது. புனிதர்களின் அடக்கத்தலங்களில் வேண்டுவது, இறைவனுக்கு இன்னொருவரை இணையாக்கும் இணைவைப்பு என்பது அந்த அரசின் சமயக் கொள்கை. 1790-களில் அது அல்அஹ்ஸாவைப் பிடித்தது. அடுத்த சில ஆண்டுகளில் அதன் படை கர்பலா வரை சென்று ஹுஸைனின் அடக்கத்தலத்தைச் சூறையாடியது. 1818-இல் எகிப்தியப் படை அந்த அரசை அழித்தது. இரண்டாம் சவுதி அரசு மீண்டும் சோலைகளைப் பிடித்தது. 1871-இல் உஸ்மானியர் திரும்பி வந்தார்கள்.

1913: எழுதப்படாத உடன்பாடு

1913 மே மாதத்தில் ஓர் இரவு, ரியாத்தின் இளம் ஆட்சியாளர் அப்துல் அஸீஸ் இப்னு சவூதின் ஆட்கள் ஹுஃபூஃபின் கூத் கோட்டை மதிலைப் பேரீச்ச மரத்தண்டுகளையும் கயிறுகளையும் பிடித்து ஏறிக் கடந்தார்கள். உஸ்மானியப் படை பெரிய எதிர்ப்பின்றிச் சரணடைந்து, உகைர் துறைமுகம் வழியாக வெளியேற அனுமதிக்கப்பட்டது. ஊரின் ஷியாப் பெரியவர்கள் புதிய ஆட்சியாளரை ஏற்றார்கள். வழிபாட்டில் தலையிடுவதில்லை என்ற உறுதிமொழியைப் பெற்றார்கள். கதீஃபில் எதிர்த்து நிற்பதா, பணிந்து போவதா என்று அறிஞர்களிடையே விவாதம் நடந்தது. பணிந்து போகலாம் என்ற தரப்பே வென்றது.

அவர்களைக் கோழைகள் என்று சொல்வது எளிது. உஸ்மானியர் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் பாலைவனக் குலங்கள் தோட்டங்களையும் வணிகக் கூட்டங்களையும் தொடர்ந்து கொள்ளையடித்து வந்தன. பேரீச்சை விளைவிப்பவருக்கும் முத்து வணிகருக்கும் வேண்டியிருந்தது வழியைக் காக்கும் ஒரு கை. அந்தக் கணக்கில் அவர்கள் எடுத்த முடிவு பொருத்தமானதே. ஆனால் அந்த ஏற்பாட்டின் மூன்று கூறுகள் பிற்காலம் முழுவதையும் தீர்மானித்தன.

1. உறுதிமொழி மக்களுக்கு வழங்கப்படவில்லை. ஊர்ப் பெரியவர்களுக்கும் மதகுருமார்களுக்கும் வழங்கப்பட்டது. எனவே அரசோடு பேசும் வழி சில குடும்பங்களின் கையிலேயே தங்கியது.

2. அது ஆட்சியாளரின் தனிப்பட்ட சொல். அதை மீறினால் முறையிட நீதிமன்றமோ சட்டமோ இல்லை.

3. அதே ஆட்சியாளர் இன்னொரு தரப்புக்கும் வாக்குக் கொடுத்திருந்தார். தம் படையின் முதுகெலும்பாக இருந்த இக்வான் போராளிகளுக்கும், இப்னு அப்துல் வஹ்ஹாபின் வழிவந்த வஹ்ஹாபி உலமாக்களுக்கும் (மார்க்க அறிஞர்களுக்கும்), தூய்மையான மார்க்கத்தை நிலைநாட்டுவதாக அவர் சொல்லியிருந்தார். இரண்டு வாக்குகளும் ஒரே நேரத்தில் நிறைவேற முடியாதவை.

1927: இரண்டு வாக்குகள் மோதியபோது

மூன்றாவது கூறு வெடிக்க 14 ஆண்டுகள் ஆயின. மக்காவும் மதீனாவும் அடங்கிய ஹிஜாஸ் பகுதியை இக்வான்கள் வென்று தந்திருந்தார்கள். மதீனாவில் இமாம்கள் நால்வர் அடங்கிய ஜன்னத்துல் பகீஃ அடக்கத்தலத்தின் குவிமாடங்கள் இடிக்கப்பட்டிருந்தன. இப்போது அவர்கள் மன்னரிடமே கேட்டார்கள்: நம் நாட்டுக்குள்ளேயே ஷியாக்களை ஏன் விட்டுவைத்திருக்கிறீர்கள்?

ரியாத்தின் உலமாக்கள் 1927 தொடக்கத்தில் கொடுத்த ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) அந்தக் கேள்விக்கான பதில். அல்அஹ்ஸாவின் ஷியாக்கள் இஸ்லாத்தின் மீது புதிதாக உறுதிமொழி எடுக்க வேண்டும்; நபியின் குடும்பத்தாரை அழைத்து வேண்டுவதையும் தங்கள் சடங்குகளை வெளிப்படையாக நடத்துவதையும் விட வேண்டும்; அவர்கள் கூடும் இடங்கள் இடிக்கப்பட வேண்டும்; மறுப்பவர்களை முஸ்லிம் நாட்டிலிருந்து வெளியேற்ற வேண்டும் என்றது அது. போதகர்கள் ஊர்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பல குடும்பங்கள் பஹ்ரைனுக்குப் படகேறின. ஆனால் மன்னர் அந்த ஃபத்வாவை முழுமையாகச் செயல்படுத்தவில்லை. 1929-இல் ஸபிலா போரில் அவர் இக்வான்களையே அடக்கியபின் நெருக்குதல் குறைந்தது.

குறைந்தது, நீங்கவில்லை. போர்ச் செலவுக்கான வரிகள் சோலைகளின் மீது கடுமையாக விழுந்தன. ஏறக்குறைய அதே காலத்தில் அவாமியா என்ற சிற்றூரில் வரி எதிர்ப்பு ஒன்று எழுந்தது. அதன் முன்னணியில் நின்றவர் நிம்ர் குடும்பத்தைச் சேர்ந்தவர். 2016-இல் உலகம் கேள்விப்பட்ட பெயர் அந்த ஊரில் அப்போதே எதிர்ப்போடு இணைந்திருந்தது.

நிர்வாகத்தில் இந்த உறவு எப்படி இயங்கியது என்பதற்கு ஜஅஃபரி நீதிமன்றம் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. கதீஃபிலும் ஹுஃபூஃபிலும் ஷியா நீதிபதிகள் திருமணம், மணமுறிவு, வாரிசுரிமை, வக்ஃப் ஆகியவற்றை மட்டும் தங்கள் நெறிப்படி தீர்க்கலாம். குற்றவியலும் வணிக வழக்கும் அவர்கள் வரம்புக்கு வெளியே. வழக்காடுவோரில் ஒருவர் சுன்னியாக இருந்தால் அந்த வரம்பும் சுருங்கிவிடும்.

எண்ணெய் வந்தபின்

1938 மார்ச்சில் தம்மாம் 7-ஆம் எண் கிணற்றில் எண்ணெய் வணிக அளவில் கிடைத்தது. உலகின் மிகப் பெரிய எண்ணெய் வயலான கவார், அல்அஹ்ஸா பகுதியில் இருக்கிறது; ராஸ் தனூரா ஏற்றுமதி முனையம் கதீஃபை அடுத்தது. நாட்டின் செல்வம் முழுவதும் நாட்டின் மிகக் குறைந்த செல்வாக்குள்ள மக்களின் தோட்டங்களுக்கு அருகிலிருந்து சுரந்தது.

அமெரிக்க எண்ணெய் நிறுவனமாக இருந்த அராம்கோ ஆளெடுக்கும்போது சமயப் பிரிவைப் பெரிதாகப் பார்க்கவில்லை. பக்கத்து ஊர்களில் நிலையாக வாழ்ந்த ஷியா இளைஞர்கள் பெருமளவில் சேர்ந்தார்கள். அங்கே அவர்கள் ஆங்கிலமும் தொழில்நுட்பமும் மட்டுமல்லாமல், தொழிற்சங்க அரசியலையும் கற்றார்கள். 1953-இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஷியாக்களும் சுன்னிகளும் சேர்ந்து நின்ற போராட்டம் அது. 1956-இல் வேலைநிறுத்தமே அரச ஆணையால் தடை செய்யப்பட்டது. 1950-களிலும் 60-களிலும் கதீஃபின் அரசியல் மொழி நாசிரியம் (எகிப்தின் நாசரைப் பின்பற்றிய அரபு தேசியம்), அரபு தேசியவாத பாத் கட்சி, கம்யூனிசம் ஆகியவற்றின் மொழியாக இருந்தது; மதகுருமாரின் மொழியாக இருக்கவில்லை. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சமயம் கடந்த அரசியலுக்கு இருந்த கதவுகளை அரசு ஒவ்வொன்றாக அடைத்தபின் எஞ்சியது ஹுஸைனிய்யா ஒன்றே.

1979: ஏழு நாள் முஹர்ரம்

1979 பிப்ரவரியில் ஈரானில் ஷா வீழ்ந்தார். நவம்பர் 20 அன்று, ஹிஜ்ரி 1400-இன் முதல் நாளில், மக்காவின் பெரிய பள்ளிவாசலை ஆயுதம் தாங்கிய சுன்னிக் குழு ஒன்று கைப்பற்றியது. அரசின் கவனம் முழுவதும் மக்காவில் இருந்த அந்த வாரத்தில், கதீஃப், ஸைஹாத், ஸஃப்வா ஆகிய ஊர்களில் மக்கள் தடையை மீறி முஹர்ரம் ஊர்வலங்களை வீதியில் நடத்தினார்கள். தேசியக் காவல் படை சுட்டது. இறந்தவர்களின் இறுதி ஊர்வலங்கள் அடுத்தடுத்த ஆர்ப்பாட்டங்களாயின. சில நாள்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

கொமேனியின் குரல் வானொலியில் அவர்களை எட்டியது உண்மை. ஆனால் எழுச்சியின் கோரிக்கைகளைப் பார்த்தால், ஆஷூராவுக்கு அனுமதி, கைதிகளின் விடுதலை, எண்ணெய் வருவாயில் பங்கு என்று அவை உள்ளூர்க் குறைகளாகவே இருந்தன. ரியாத்தும் ஜித்தாவும் கோபுரங்களாக எழுந்த ஆண்டுகளில் கதீஃபில் ஒழுங்கான கழிவுநீர் வாய்க்கால்கூட இல்லை. அரசும் இதை உணர்ந்தது. அடுத்த ஆண்டே சாலை, மருத்துவமனை, மின்சாரம் என்று திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. வசதிகள் வந்தன. அரசியல் உரிமை வரவில்லை.

அரசின் மறுபக்க எதிர்வினை இன்னும் ஆழமானது. மக்கா நிகழ்வுக்குப் பின் தன் சமயத் தகுதியை மெய்ப்பிக்க, பள்ளிப் பாடத்தையும் தொலைக்காட்சியையும் அது வஹ்ஹாபி உலமாக்களிடம் மேலும் விட்டுக்கொடுத்தது. ஷியாக்களை வழிதவறியவர்கள் என்று சொல்லும் பாடநூலை ஷியாக் குழந்தைகளும் வகுப்பில் உட்கார்ந்து படித்தார்கள்.

நாடு கடந்தவர்கள் திரும்பிய கதை

1979-இல் உருவான எதிர்ப்பு இரண்டு போக்குகளாகப் பிரிந்தது. இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

1. கதீஃப் மதகுரு ஹஸன் அல்ஸஃப்பார் தலைமையிலான இயக்கம். ஈரானில் தங்கியிருந்தாலும், தெஹ்ரானின் கட்டளையை ஏற்காமல் அதனோடு முரண்பட்டு டமாஸ்கஸுக்கும் லண்டனுக்கும் இடம்பெயர்ந்தது. 1980-களின் இறுதியில் புரட்சிப் பேச்சைக் கைவிட்டு மனித உரிமை, குடியுரிமை என்று பேசத் தொடங்கியது.

2. ஈரான் ஆதரவு ஹிஸ்புல்லா அல்ஹிஜாஸ். 1987 ஜூலை 31 அன்று மக்காவில் ஈரானிய ஹஜ் பயணிகளுக்கும் சவுதி காவலர்களுக்கும் நடந்த மோதலில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்த சூழலில் எழுந்த குழு. 1996-இல் அல்கோபர் குடியிருப்பில் 19 அமெரிக்க விமானப்படையினர் கொல்லப்பட்ட குண்டுவெடிப்பை அமெரிக்க அரசு இந்தக் குழுவின் மீது சுமத்தியது.

1993-இல் மன்னர் ஃபஹத் முதல் தரப்போடு சமரசம் செய்தார். கைதிகள் விடுவிக்கப்பட்டார்கள், நாடு கடந்தவர்களுக்குக் கடவுச்சீட்டு திரும்பக் கிடைத்தது, அவர்கள் தங்கள் வெளியீடுகளை நிறுத்தினார்கள். பாடநூல்களும் பாகுபாடும் சரிசெய்யப்படும் என்ற உறுதி தரப்பட்டது. 1913-ஐப் போலவே இதுவும் பொதுவெளியில் எழுதி வைக்கப்படாத சொல். 1992-இல் பிறப்பிக்கப்பட்ட அடிப்படை ஆட்சிச் சட்டம் 'ஷரீஅத்தின்படியான சமத்துவம்' பற்றிப் பேசியதே தவிர, எந்தச் சட்டநெறியின் ஷரீஅத் என்ற கேள்வியில் ஷியாக்களுக்கு இடம் தரவில்லை.

2003-இல் 450 ஷியாக்கள் கையொப்பமிட்ட 'தாயகத்தில் பங்காளிகள்' என்ற மனு பட்டத்து இளவரசர் அப்துல்லாவிடம் அளிக்கப்பட்டது. அவர் தேசிய உரையாடல் அவையைத் தொடங்கினார். அல்ஸஃப்பார் வஹ்ஹாபி அறிஞர்களோடு ஒரே மேடையில் அமர்ந்தார். 2005 நகராட்சித் தேர்தலில் கதீஃப் மக்கள் ஆர்வத்தோடு வாக்களித்தார்கள். ஆனால் மன்றங்களின் பாதி உறுப்பினர்களை அரசே நியமித்தது; மன்றங்களுக்கு அதிகாரமும் குறைவு. 1993 முதல் அரசோடு கைக்குலுக்கி வந்த மூத்தவர்கள் எதைப் பெற்றுத் தந்தார்கள் என்று அடுத்த தலைமுறை கேட்கத் தொடங்கியது.

2011 முதல் அவாமியா இடிபாடு வரை

அந்தக் கேள்விக்குக் குரல் கொடுத்தவர் அவாமியாவின் நிம்ர் அல்நிம்ர். உரிமை கிடைக்காவிட்டால் பிரிந்து போவோம் என்று 2009-இல் ஒரு சொற்பொழிவில் சொன்னார். துப்பாக்கியைவிடச் சொல்லையே நம்புங்கள் என்று இளைஞர்களிடம் வலியுறுத்தியவரும் அவர்தான். இரண்டையும் சேர்த்தே அவரை மதிப்பிட வேண்டும்.

2011 தொடக்கத்தில் கதீஃப் வீதிகளில் எழுந்த முதல் கோரிக்கை, அல்கோபர் குண்டுவெடிப்புக்குப் பின் விசாரணையின்றி அடைக்கப்பட்டிருந்த ஒன்பது கைதிகளை விடுவிக்க வேண்டும் என்பது. மார்ச் 14 அன்று சவுதிப் படை கடற்பாலம் கடந்து, ஷியாக்கள் பெரும்பான்மையாக உள்ள பஹ்ரைனின் எழுச்சியை அடக்க உதவியபோது, அந்தக் கோபமும் இங்கே சேர்ந்துகொண்டது. போராட்டக்காரர்களில் பலர் சுடப்பட்டு இறந்தார்கள். பின்னர் சிலர் ஆயுதம் ஏந்திக் காவலர்களைத் தாக்கினார்கள். நிம்ர் 2012 ஜூலையில் காலில் சுடப்பட்டுக் கைதானார்.

இதே காலத்தில் இன்னொரு திசையிலிருந்தும் இந்தச் சமூகம் தாக்கப்பட்டது. 2015 மே 22 அன்று கதீஃபின் குதைஹ் சிற்றூர் பள்ளிவாசலில் ஐ.எஸ். தற்கொலையாளி 21 பேரைக் கொன்றான். அடுத்த வெள்ளிக்கிழமை தம்மாமில் பெண் உடையில் வந்த ஒருவனைப் பள்ளிவாசல் வாயிலில் காவல் நின்ற தன்னார்வ இளைஞர்கள் தடுத்து, தங்கள் உயிரைக் கொடுத்து உள்ளே இருந்தவர்களைக் காத்தார்கள்.

2017 மே மாதத்தில் அவாமியாவின் முஸவ்வரா என்ற 400 ஆண்டுப் பழைய பகுதிக்குள் புல்டோசர்களும் கவச வண்டிகளும் நுழைந்தன. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய அளவுக்குக் குறுகிய சந்துகள், ஒன்றோடொன்று சுவர் பகிர்ந்த வீடுகள் கொண்ட இடம் அது. நகர்ப்புற மேம்பாடு என்றது அரசு. ஆயுதக் குழுக்கள் ஒளிந்திருப்பதாகவும் சொன்னது. ஐ.நா. நிபுணர்கள் பண்பாட்டு மரபு அழிக்கப்படுவதாகக் கண்டித்தார்கள். சில மாதங்களில் அந்தப் பகுதி தரைமட்டமானது; ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தார்கள்.

இன்று மாறியதும் மாறாததும்

பட்டத்து இளவரசர் முஹம்மத் பின் சல்மானின் காலத்தில் வஹ்ஹாபி உலமாக்களின் செல்வாக்கு வெகுவாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. 2016-இல் சமயக் காவலர்களின் கைது அதிகாரம் பறிக்கப்பட்டது. பாடநூல்களில் ஷியாக்களை இழித்துரைக்கும் பகுதிகள் பெருமளவு நீக்கப்பட்டன. இது ஒரு ஷியாக் குழந்தையின் அன்றாடத்தில் பெரிய மாற்றம்; அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் மாறியிருப்பது அரசின் சித்தாந்தமே. 1927-இல் மார்க்கத்திலிருந்து விலகியவர் என்று சொல்லப்பட்டவர், இன்று எதிர்த்துப் பேசினால் பயங்கரவாதி என்று சொல்லப்படுகிறார். 2019 ஏப்ரலில் தண்டனை நிறைவேற்றப்பட்ட 37 பேரில் பெரும்பாலோர் ஷியாக்கள். 2022 மார்ச் 12 அன்று ஒரே நாளில் 81 பேர் கொல்லப்பட்டபோது, அவர்களில் 41 பேர் 2011-12 போராட்டங்களில் கலந்துகொண்ட ஷியாக்கள் என்று ஐ.நா. மனித உரிமை ஆணையர் தெரிவித்தார்.

பெய்ஜிங் உடன்பாட்டுக்கு இதில் என்ன பங்கு என்ற கேள்விக்கு இப்போது வரலாம். ஈரானோடு பகை தணிந்தால், கதீஃப்காரர் ஒவ்வொருவரையும் தெஹ்ரானின் ஆளாகப் பார்க்கும் காரணம் வலுவிழக்கும். அது உண்மையான நன்மை. ஆனால் அந்த உடன்பாட்டின் அறிவிப்பு, ஒரு நாடு மற்றொன்றின் உள்விவகாரத்தில் தலையிடுவதில்லை என்ற உறுதியையே மையமாகக் கொண்டது. சவுதி ஷியாக்களின் நிலை அந்த உள்விவகாரங்களில் ஒன்று. ஜஅஃபரி நீதிமன்றத்துக்கு வெளியே நீதிபதியாகவோ படைத்தளபதியாகவோ ஒரு ஷியா உயர முடியுமா, கதீஃபுக்கும் ஹுஃபூஃபுக்கும் வெளியே ஒரு ஹுஸைனிய்யாவுக்கு உரிமம் கிடைக்குமா, வீதியில் முழக்கமிட்டவரை விசாரிக்கும் நீதிமன்றம் எந்தச் சட்டப் பிரிவின்படி தண்டிக்கும் என்ற கேள்விகளுக்கு விடை பெய்ஜிங்கிலோ தெஹ்ரானிலோ இல்லை. 1913-இல் வாயால் சொல்லப்பட்டதைச் சட்டமாக எழுதும் அதிகாரம் ரியாத்திடம் மட்டுமே இருக்கிறது.